பதில்: தோடர் சால்வையில் நூல் துருத்திக்கொண்டிருக்கிறது, வெட்டித் தைக்கலாமா?

வணக்கம் தோழி. ஊட்டியில் வாங்கிய சால்வையில் ஒரு பக்கம் சிவப்பு, கறுப்பு நூல் சின்னச் சின்ன வளையமாகத் துருத்துகிறது, அந்தப் பக்கத்தை மறைத்து வெட்டிக் குஷன் உறை தைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கத்தரியைக் கீழே வையுங்கள்.

அது குறை இல்லை. நீலகிரி மலையில் வாழும் தோடர் பழங்குடிப் பெண்கள், துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டகமோ வரைபடமோ இல்லாமல், துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணித்தான் பூ போடுவார்கள். ஊசி அடுத்த வரிசைக்குத் திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் வேண்டுமென்றே கொஞ்சம் விடுவார்கள். மேடாகத் தெரியும் அந்தப் பக்கம்தான் அவர்களுக்கு வெளிப்பக்கம். அப்படியே போர்த்துங்கள்.

துணியை அவர்கள் நெய்வதில்லை, வெளியிலிருந்துதான் வருகிறது. பூவேலை மட்டும் முழுக்கப் பெண்கள் கை. எருமைப் பாலைக் கையாளும் கோயில் போன்ற புனிதமான பால்மனைக்குள் பெண்கள் போகக்கூடாது என்ற வழக்கமுள்ள சமூகம் அது. ஆனால் அங்கே ஒருவர் இறந்தால் உடலைப் போர்த்தி அனுப்புவது பெண்கள் பூவேலை செய்த பூத்துக்குளியில்தான் (இந்தச் சால்வைக்கு அவர்கள் வைத்த பெயர்). இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும். எருமைக் கொம்பு மாதிரியான உருக்களும் அந்தப் பூவேலையில் வரும்.

குஷன் உறைதான் வேண்டுமென்றால், விற்பனைக்கென்றே அவர்கள் பையும் உறையும் தைக்கிறார்கள், அதை வாங்குங்கள். மிஷின் நகலும் கடைகளில் உண்டு. 2013-இல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு (அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம்) கிடைத்தது, அதனால் தோடர்களே தைத்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், துவைக்கும் முன் ஒரு ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா பாருங்கள். பச்சைத் தண்ணீர், நிழல் போதும். பிரஷ் வேண்டாம், வளையங்களில் மாட்டிக்கொள்ளும்.