எக்ஸ்எம்எல் நேம்ஸ்பேஸுக்கு எப்படிப் பெயர் வைத்தால் பிற்காலத்தில் மாற்ற வேண்டியிருக்காது?

புது ஸ்கீமா, அதாவது எக்ஸ்எம்எல் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற விதித்தொகுப்பு, எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள், அதிலுள்ள சொற்கள் வேறு யாருடைய சொற்களோடும் குழம்பாமல் பிரித்துக் காட்டும் நேம்ஸ்பேஸுக்கு நிறுவனத்தின் இணைய முகவரியையே பெயராக வைக்கலாமா, பதிப்பு எண்ணையும் சேர்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். முகவரியை வைக்கலாம். ஆனால் அது வெறும் பெயர்தான், திறந்து பார்க்கும் இணைப்பு அல்ல என்பதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள். அதைச் சொல்லாமல் விட்டதால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

நான் பில் பரிமாற்ற மென்பொருள் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். பாதுகாப்புத் தணிக்கையில், 'எச்டிடிபி' என்று இருப்பதையெல்லாம் 'எச்டிடிபிஎஸ்' ஆக்கச் சொன்னார்கள். டெவலப்மென்ட் குழு மொத்தக் கோடிலும் தேடி மாற்றிவிட்டது. நேம்ஸ்பேஸ் பெயர்களும் சேர்ந்து மாறிவிட்டன. அன்றிரவு போன பில் ஒன்றைக்கூட எதிர்முனை ஏற்கவில்லை. எங்கள் பக்கத்திலோ பிழைச் செய்தியே இல்லை. எக்ஸ்எம்எல்லுக்குள் தேடித் தரும் எக்ஸ்பாத் எதிர்முனையில் பழைய பெயரில் தேடியது, கிடைக்கவில்லை, காலியாகத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். விடியற்காலை மூன்றரை மணிக்குப் பழைய கோப்பையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அந்த ஒற்றை 'எஸ்' கண்ணில் பட்டது.

கண்டுபிடித்தது பராமரிப்பில் இருந்த நாங்கள் இரண்டு பேர். மறுவாரம் வந்த பாராட்டு மின்னஞ்சலில் டெவலப்மென்ட் குழுவின் பெயர்கள் மட்டும் இருந்தன. பராமரிப்பு வேலை என்றால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இது இன்றும் உறுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 1999 ஜனவரியில் வெளியிட்ட பரிந்துரையே இந்தப் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் வரும் சாய்கோடு எல்லாமே கணக்கில் வரும். டபிள்யூ3சி தளம் எச்டிடிபிஎஸ்-க்கு மாறிய பிறகும் இணையப் பக்கங்களுக்கான எக்ஸ்எச்டிஎம்எல்லின் நேம்ஸ்பேஸ் பெயர் 'எச்டிடிபி' என்றுதான் தொடங்குகிறது. அதனால் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும். சாய்கோடு வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

பதிப்பு எண் வேண்டாம் என்பது என் கருத்து. எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 2007-இல் 2.0 ஆனது, 2017-இல் 3.0 ஆனது. பெயரில் இன்னும் 1999 தான் இருக்கிறது, பதிப்பைத் தனி ஆட்ரிபியூட் (கோப்புக்குள் எழுதும் பண்பு) சொல்கிறது. எக்ஸ்எம்எல் செய்திப் பரிமாற்ற முறையான சோப், 1.2 பதிப்புக்குப் பெயரை மாற்றினார்களே என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள். பழைய நிரல் புதிய செய்தியைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்றால் மாற்றத்தான் வேண்டும். ஒரு விருப்பப் புலம் சேர்த்ததற்கெல்லாம் மாற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிரிவின் பெயர், தயாரிப்பின் பெயர் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், அவைதான் முதலில் மாறும். டொமைன் கைமாறிவிடுமோ என்ற பயம் இருந்தால் 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4151 என்ற இணையத் தர ஆவணத்தின் 'டேக்' முறையைப் பாருங்கள். அதில் டொமைனோடு ஒரு தேதியும் சேரும். அந்தத் தேதியில் டொமைன் யாரிடம் இருந்ததோ அவர் வைத்த பெயர் என்று அர்த்தம். பின்னால் வேறு யார் அதை வாங்கினாலும் உங்கள் பெயரோடு மோதாது.