88 டைசனும் 66 அலியும் மோதினா? முதல்ல எத்தனை ரவுண்டுன்னு சொல்லுங்க

கேள்வி: அண்ணே, எங்க க்ரூப்ல ரெண்டு மாசமா ஒரே சண்டை. பாக்ஸிங் ரிங்ல 1988 டைசனும் 1966 அலியும் மோதினா யாரு ஜெயிப்பா? ஒருத்தன் டைசன், ஒருத்தன் அலி, இன்னொருத்தன் "மார்சியானோ 49-0, தோத்ததே இல்ல, பேச்சு முடிஞ்சுது"ன்னு அதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிட்டிருக்கான். வீடியோ கேம்ல போட்டுப் பார்த்தோம், டைசன் நாலாவது ரவுண்டுல முடிச்சிட்டான், ஆனா யாரும் ஒத்துக்கல. இதை உருப்படியா பேசறதுக்கு ஏதாவது வழி இருக்கா?

பதில்: தம்பி, முதல்ல அந்த கேம் மேட்டரை முடிச்சிடுவோம். இது ஒண்ணும் புதுசு இல்ல, 1969லேயே பண்ணிப் பார்த்துட்டாங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரோட விவரத்தையும் போட்டுட்டு, ரிட்டயர் ஆகி 13 வருஷம் ஆன மார்சியானோவையும் அப்போ தடையில சும்மா இருந்த அலியையும் கூட்டிட்டு வந்து விதவிதமா முடிவுகளை நடிக்க வெச்சுப் படம் புடிச்சாங்க. மார்சியானோ உடம்பைக் குறைச்சு தலையில விக் எல்லாம் வெச்சுட்டு வந்து நின்னாரு. 1970 ஜனவரில தியேட்டர்ல ஓட்டும்போது அமெரிக்காவுல காட்டின முடிவு, 13வது ரவுண்டுல மார்சியானோ அலியை நாக்அவுட் பண்றாரு. அதைப் பார்க்க அவர் உயிரோட இல்ல, முந்தின ஆகஸ்ட்லயே விமான விபத்துல போயிட்டாரு. கம்ப்யூட்டருக்கு நாம என்ன ஊட்டுறோமோ அதைத்தான் அது திருப்பிக் கக்கும். உங்க கேம்லயும் டைசன் பன்ச்சுக்கு இவ்வளவு மார்க், அலி ஸ்பீடுக்கு இவ்வளவு மார்க்குன்னு எவனோ ஒருத்தன் உக்காந்து போட்டதுதான், அவன் உங்க க்ரூப்ல இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நீங்க சண்டை போடறது ரெண்டு கேள்வியை ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிட்டு. யாரு பெரிய ஆளுங்கிறது ஒண்ணு, ரிங்ல யாரு யாரை அடிப்பாங்கிறது வேற. முதல் கேள்விக்கு ரெக்கார்டு, பட்டம், எத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சான் எல்லாம் பேசலாம். ரெண்டாவதுக்கு அதெல்லாம் பெருசா உதவாது. 1971ல ஃப்ரேசியர் அலியை ஜெயிச்சாரு. 1973ல ஃபோர்மேன் அதே ஃப்ரேசியரை ரெண்டே ரவுண்டுல ஆறு தடவை கீழ தள்ளினாரு. அலியோட தாடையை உடைச்ச நார்டனையும் ஃபோர்மேன் ரெண்டு ரவுண்டுல முடிச்சாரு. கணக்குப்படி பார்த்தா ஃபோர்மேன் கையில அலி சட்னி ஆகியிருக்கணும் இல்லையா? 1974 கின்ஷாசாவுல எட்டாவது ரவுண்டுல கீழ கிடந்தது ஃபோர்மேன். ஒரே காலத்து ஆளுங்களுக்கே, அதுவும் மூணே முக்கால் வருஷத்துக்குள்ள, இந்த "இவன் அவனை அடிச்சான், அவன் இவனை அடிச்சான்" கணக்கு உதவல, இருபது வருஷம் தள்ளி இருக்கிறவங்களுக்கு எப்படி உதவும்?

நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு. இவனுக்குத் தொந்தரவு குடுத்தது யாரு, எதை வெச்சுக் குடுத்தான், அந்த சரக்கு எதிராளிகிட்ட இருக்கா.

1936ல ஜோ லூயிஸ் தோக்காத இளவட்டம், எல்லாரும் அவர்தான்னு எழுதி வெச்சுட்டாங்க. ஜெர்மனிக்காரர் மேக்ஸ் ஷ்மெலிங் லூயிஸோட பழைய சண்டைகளோட ஃபிலிமைத் திரும்பத் திரும்பப் பார்த்தாரு. லூயிஸ் ஜாப் (முன் கையால நேரா குத்தறது) போட்டுட்டு இடது கையைத் திரும்ப மூஞ்சிக்குக் கொண்டு வராம கொஞ்சம் தாழ விடறாரு, அந்த ஒரு நொடி தாடை திறந்து கிடக்கு. அது போதும். அந்த ஜாப் திரும்பற நேரம் பார்த்து மேல வழியா வலது கை, மறுபடி மறுபடி அதே வலது கை, நாலாவது ரவுண்டுல லூயிஸ் ஒரு தடவை விழுந்தாரு, 12வதுல மொத்தமா. ரெண்டு வருஷம் கழிச்சு ரீமேட்ச்ல லூயிஸ் 124 செகண்டுல ஷ்மெலிங்கை முடிச்சாருங்கிறதும் இருக்கு, அதனால "எந்த வருஷத்து லூயிஸ்"னு கேட்காம பேச்சையே ஆரம்பிக்காதீங்க. நீங்க 88, 66ன்னு வருஷம் போட்டுக் கேட்டீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது, பாராட்டுறேன்.

அடுத்தது ரூல்ஸ். இதை யாருமே பேசறதில்ல, ஆனா இதுலதான் உங்க 49-0 நண்பருக்கு மருந்து இருக்கு. அப்பல்லாம் டைட்டில் சண்டைன்னா 15 ரவுண்டு. 1982ல கொரியாக்காரர் டுக் கூ கிம் ஒரு டைட்டில் சண்டையில அடிபட்டு இறந்ததுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு அமைப்பா 12க்கு இறங்குச்சு. மார்சியானோ பட்டம் ஜெயிச்சது 1952ல, ஜெர்சி ஜோ வால்காட் மேல, 13வது ரவுண்டு நாக்அவுட். 12 ரவுண்டு முடிஞ்சப்போ மார்க் போடற மூணு கார்டுலயும் வால்காட்தான் முன்னாடி! இன்னிக்கு ரூல்ல அந்த சண்டை 12லேயே முடிஞ்சிருக்கும், 49-0ல ஒரு தோல்வி ஏறியிருக்கும். லூயிஸுக்கும் இதே கதைதான், 1941ல பில்லி கான் ரெண்டு கார்டுல முன்னாடி இருந்தாரு, 13வதுல போய் மாட்டினாரு. சரி, இதை வெச்சு மார்சியானோ டம்மின்னு சொல்லிடாதீங்க, 15 ரவுண்டுன்னு தெரிஞ்சுதானே அவரும் அடியைச் சேர்த்து வெச்சு அடிச்சாரு. ரூல் மாறினா ஆடற விதமும் மாறும். இன்னும் பின்னாடி போனா, 1919ல டெம்ப்சி வில்லார்டை முதல் ரவுண்டுலயே ஏழு தடவை விழ வெச்சாரு, ஏன்னா விழுந்தவன் எந்திரிக்கும்போது பக்கத்துலயே நின்னு திரும்ப அடிக்கலாம், தூர மூலைக்குப் போய் நில்லுன்னு சொல்ல ஆளில்ல.

உடம்பு சைஸ் பத்திக் கட்டாயம் யாராவது கிளப்புவாங்க. மார்சியானோ 5 அடி 10 இன்ச், எடை 185 பவுண்டுக்குப் பக்கம், கை ரீச் (ரெண்டு கையையும் விரிச்சா நுனிக்கு நுனி) 68 இன்ச். லெனக்ஸ் லூயிஸ் 6 அடி 5, ரீச் 84. 16 இன்ச் வித்தியாசம் தம்பி, கிட்ட போறதுக்குள்ளயே மூஞ்சி வீங்கிடும். இப்ப இருக்கிற கணக்குல 200 பவுண்டுக்குக் கீழன்னா அது க்ரூசர்வெயிட், மார்சியானோ, டெம்ப்சி எல்லாம் அங்கதான் ஆடியிருப்பாங்க. ஆனா சைஸே எல்லாம்னும் சொல்ல முடியாது, 2024ல உசிக் 223 பவுண்டுல 262 பவுண்டு ஃப்யூரியை ஜெயிச்சாரு, வருஷக் கடைசியில 281 பவுண்டோட வந்த அதே ஃப்யூரியையும் ஜெயிச்சாரு. அந்த உசிக் 6 அடி 3, ரீச் 78, பேப்பர்ல அப்படியே அலி அளவு. உயரமும் கால் வேகமும் ஓரளவு இருந்தா 40, 50 பவுண்டைச் சமாளிச்சிடலாம், குட்டைக் கையை வெச்சுட்டுத்தான் கஷ்டம், இது என் கருத்து.

சரி, இப்ப உங்க சண்டை. டைசனைத் தொந்தரவு பண்ணது யாரு? 1986ல டில்லிஸ் நகர்ந்துட்டே அடிச்சு பத்து ரவுண்டும் நின்னாரு. 1987ல போன்க்ரஷர் ஸ்மித் 12 ரவுண்டும் கட்டிப் புடிச்சே ஓட்டினாரு, கண்றாவி சண்டை, ஆனா டைசனால முடிக்க முடியலங்கிறது உண்மை. 1990 டோக்கியோவுல பெட்டிங்ல 42-1ன்னு ஒதுக்கி வெச்சிருந்த டக்ளஸ், நீளமான ஜாப், கிட்ட வந்தா கட்டிப் புடி, விட்டதும் வலது கை. டைசனோட கார்னர் ஆளுங்ககிட்ட வீக்கத்தை அமுக்கிற இரும்பு கூட இல்ல, ரப்பர் கிளவுஸ்ல தண்ணி ரொப்பி கண்ணு மேல வெச்சாங்க. பத்தாவது ரவுண்டுல ஒரு அப்பர்கட் (கீழயிருந்து மேல வர்ற குத்து), பின்னாடியே நாலு அடி, டைசன் தரையில மவுத்பீஸைத் தடவித் தேடி எடுத்து கோணலா வாயில வெச்சுட்டு எந்திரிக்கப் பார்த்தாரு, அதுக்குள்ள எண்ணி முடிச்சாச்சு. அது 88 டைசன் இல்லன்னு உங்க நண்பர் சொல்லுவாரு, நியாயம்தான், பழைய ட்ரெய்னர் ரூனியைத் துரத்திட்டு ட்ரெய்னிங்கும் கெட்டுப் போயிருந்த டைசன். அதான் டில்லிஸையும் ஸ்மித்தையும் முதல்ல சொன்னேன், அது நல்லா இருந்த காலத்து டைசன்.

அலிக்கு எமன் லெஃப்ட் ஹூக், அதாவது இடது கையைப் பக்கவாட்டுல வளைச்சு அடிக்கிற குத்து. கையைத் தொங்கப் போட்டுட்டு தலையை நேரா பின்னாடி இழுக்கிற பழக்கம், 1963ல ஹென்றி கூப்பரோட ஹூக்ல அலி விழுந்தாரு, 71ல 15வது ரவுண்டுல ஃப்ரேசியர் ஹூக்ல விழுந்தாரு. டைசன்கிட்ட இருக்கிறதே அந்த ஹூக்தான், ஃப்ரேசியரை விட சீக்கிரம் வந்து விழும், முதல் ரவுண்டுலயே வரும். ஃப்ரேசியர் சூடாக நாலு ரவுண்டு எடுத்துப்பாரு, டைசனுக்கு 91 செகண்டு போதும்னு 88ல அவர்கிட்ட விழுந்த ஸ்பிங்க்ஸைக் கேட்டா சொல்லுவாரு.

அதனால என் கணக்கு: முதல் நாலு ரவுண்டு டைசனுக்கு, அதுல அலி ஒரு தடவை கீழ உக்காருவாரு, எந்திரிப்பாரு, ஏன்னா அலி விழுந்த இடத்துல எல்லாம் எந்திரிச்சவரு. அதுக்கப்புறம் கழுத்தைப் புடிச்சுத் தொங்கறது, ஜாப், வாய்ப்பேச்சு. 15 ரவுண்டுன்னா பத்துக்கு மேல அலி நிறுத்திடுவாரு, 12ன்னா பாயின்ட்ஸ்ல அலி, ஆனா ரெஃப்ரி கட்டிப் புடிக்கிறதுக்கு பாயின்ட் வெட்டுற ஆளா இருந்தா நான் பந்தயம் கட்ட மாட்டேன். டைசன் ரசிகரை டில்லிஸ் சண்டை பத்து ரவுண்டையும் தள்ளித் தள்ளி ஓட்டாம உக்காந்து பார்க்கச் சொல்லுங்க, அலி ரசிகரை கூப்பர் சண்டையோட நாலாவது ரவுண்டு கடைசி பத்து செகண்டைப் பார்க்கச் சொல்லுங்க, அப்புறம் பேசுங்க.