ஐ.டி. செலவில் 30 சதவீதம் குறை என்றால் எங்கே கை வைப்பது?

கேள்வி: கோவையில் பம்புசெட் தயாரிக்கும் நிறுவனத்தில் ஐ.டி. பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஏற்றுமதி ஆர்டர் குறைந்துவிட்டதால் ஐ.டி. செலவில் 30 சதவீதம் குறைக்கச் சொல்கிறார் முதலாளி. புது லேப்டாப் வாங்குவதை நிறுத்துவதா, ஆளைக் குறைப்பதா?

பதில்: இரண்டும் அப்புறம். முதலில் எல்லா ஒப்பந்தங்களையும் ஒரே எக்செல் தாளில் எழுதுங்கள். எதற்கு, ஆண்டுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்பது போதும். இதில் தேதிதான் முக்கியம். ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), மென்பொருள் சந்தா, இணைய இணைப்பு எல்லாம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பணம். ஆர்டர் குறைந்தது என்று அந்த பில் குறையாது. மந்தம் வந்ததும் நிறுவனங்கள் புதிய திட்டங்களை முதலில் நிறுத்துவது, அவை வீண் என்பதால் அல்ல. அவற்றில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்பதால்தான்.

புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள். விற்பவருக்கும் இது மந்தக் காலம்தான். மென்பொருள் விற்கும் ஆரக்கிளின் நிதியாண்டு மே 31-இல் முடிகிறது, மைக்ரோசாஃப்டுக்கு ஜூன் 30, எஸ்.ஏ.பி.க்கு டிசம்பர் 31. ஆண்டு இலக்கை எட்ட வேண்டிய அந்தக் கடைசி வாரங்களில் விற்பனையாளரின் குரலே மாறிவிடும். பேசப் போகும்முன், வேலையை விட்டுப் போனவர்களின் மெயில் கணக்குகளுக்கு இன்னும் பணம் கட்டுகிறோமா என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டிக்கொண்டுதான் இருப்போம்.

கிளவுட் (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்) இருந்தால் அங்கே சீக்கிரம் பலன் தெரியும். அமெரிக்காவில் வட்டி ஏறிய 2022-23இல் நிறுவனங்கள் அதைத்தான் பிடித்து இறுக்கின. அமேசானின் கிளவுட் வருமான வளர்ச்சி 2022 முதல் காலாண்டில் 37 சதவீதம். 2023 இரண்டாம் காலாண்டில் 12 சதவீதம். நீங்கள் செய்யக்கூடியது எளிது. சோதனை சர்வர் வாரத்தில் 168 மணி நேரமும் ஓடத் தேவையில்லை. ஆறு நாள், பகலில் 12 மணி நேரம் என்றால் 72தான். (டிஸ்க் வாடகை மட்டும் நிற்காது.) ஆனால் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆர்டர் எப்போது திரும்பும் என்று தெரியாத நேரத்தில் அது கையைக் கட்டிவிடும்.

இனி லேப்டாப். தள்ளிப்போடுவது இலவசம் என்று நினைக்க வேண்டாம். 2008 மந்தத்தில் பழைய எக்ஸ்பி கணினிகளையே ஓட்டிய நிறுவனங்கள் ஏராளம். 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றது. அதுவரை இழுத்தவர்கள் கணினியையும் அதில் ஓடிய பழைய மென்பொருளையும் ஒருசேர மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வேண்டுமானால், நிறுவனங்களுக்கு முதல் ஆண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு. விண்டோஸ் 11-ஐத் தாங்கும் கணினிகளுக்கு ரேம் கூட்டி, எஸ்.எஸ்.டி. மாட்டி இரண்டு ஆண்டு ஓட்டலாம். தாங்காதவற்றை மட்டும் மாற்றுங்கள்.

பேக்கப்பிலும் ஃபயர்வாலிலும் கை வைக்காதீர்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி லாகுகளை (கணினிகளில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க லாகை அழித்தால் அங்கேயே சிக்கல். பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் முதல் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவும் (எந்தக் கணக்கு எப்போது மாற்றப்பட்டது என்ற தடம்) கட்டாயம். பழைய பதிப்பே போதும் என்று யாராவது சொன்னால் ஆடிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஆள் குறைப்பு பற்றி என் கருத்து இது: உங்கள் ஈ.ஆர்.பி.யில் (கணக்கு, இருப்பு, ஆர்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருளில்) யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது ஒரே ஒருவர் தலைக்குள்தான் இருக்கும். அவர் போனால், அதே வேலைக்கு வெளியாளுக்கு நாள்கணக்கில் கொடுப்பீர்கள்.

இவ்வளவும் செய்தாலும் முதல் ஆண்டிலேயே 30 சதவீதம் கிடைப்பது கடினம். முதலாளியிடம் சதவீதத்தைச் சொல்லாமல் அந்த எக்செல் தாளைக் காட்டி, எந்த மாதம் எந்த ஒப்பந்தம் முடிகிறது, அப்போது எவ்வளவு குறையும் என்று சொல்லுங்கள்.