கோலாலம்பூரில் இறங்கியதும் போனில் நெட் வேண்டுமா?

கேள்வி: நானும் மனைவியும் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிறோம். அங்கே வேலை பார்க்கும் மகளோடு ஒரு மாதம் தங்கல். எங்களுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். விமானம் ராத்திரியில் இறங்குகிறது. மகளுக்கு அன்றைக்கு ஷிஃப்ட் இருப்பதால், “கிராப் பிடித்து வந்துவிடுங்கள் அப்பா” என்கிறாள். அது ஓலா மாதிரி ஆப்பில் கூப்பிடும் டாக்சியாம், அதைப் பிடிக்க நெட் வேண்டுமே! இங்கிருந்தே ரோமிங் போட்டுக்கொள்வதா, ஏர்போர்ட்டில் சிம் வாங்குவதா, இ-சிம் என்கிறார்களே, அதுவா? எது மலிவு? பேங்க் ஓ.டி.பி. எல்லாம் என் நம்பருக்குத்தான் வருகிறது.
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மலிவு என்று பார்த்தால் மலேசிய சிம்தான். ரோமிங் பாக்கில், அதாவது இந்திய சிம்மையே அங்கே ஓட்டுவதற்கான பாக்கில், ஒரு நாளுக்குக் கொடுக்கிற காசில் அங்கே பல நாள் ஓட்டிவிடலாம். ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு மாதத்துக்கான நெட் இல்லை. விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து மகள் வீட்டு வாசல் வரைக்குமான நெட். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். உங்கள் நம்பரில் மட்டும் ஒரு நாள் ரோமிங் பாக் போட்டுக்கொள்ளுங்கள். மனைவியின் போனுக்குத் தனியாக வேண்டாம், உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அதிலும் நெட் வந்துவிடும். மகள் வீட்டில் வைஃபை இருக்கும். சிம் வாங்குவதை மறுநாள் அவள் கூட வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஏர்போர்ட்டிலேயே வாங்கக்கூடாதா என்றால், வாங்கலாம். இமிகிரேஷன், பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வரும் வருகைக் கூடத்தில் ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யு மொபைல் போன்ற கம்பெனிகளின் கவுண்டர்களைப் பார்ப்பீர்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் பதிந்து, சிம்மைப் போட்டு, நெட் வருகிறதா என்று பார்த்தே கொடுப்பார்கள். ஆனால் ராத்திரி நேரம், நான்கு மணி நேரம் பறந்து வந்த களைப்பு, முன்னால் வரிசை, கையில் மலேசியப் பணமான ரிங்கிட் இருக்கிறதா என்ற யோசனை. இதற்கு நடுவில் உங்கள் போனின் சிம் தட்டைக் குத்தித் திறந்து, நகத்தளவு இந்திய சிம்மைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டுமா? முதல் பயணத்தில் அது வேண்டாம் என்பேன்.

ஏர்போர்ட் வைஃபையையும் முழுசாக நம்பி இறங்காதீர்கள். கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் இலவச வைஃபை உண்டு. வந்து சேர்ந்துவிட்டோம் என்று மகளுக்கு வாட்ஸ்அப்பில் சொல்ல அது போதும். சிக்கல் கார் ஏறும் இடத்தில்தான் வரும். கிராப் புக் செய்தபின் ஓட்டுநர், “எந்தக் கதவு பக்கம் நிற்கிறீர்கள்?” என்று ஆப்பிலேயே கேட்பார். நீங்கள் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்திருப்பீர்கள், வைஃபை உள்ளேயே நின்றிருக்கும். அப்புறம், பல நாட்டு ஏர்போர்ட்களில் இலவச வைஃபைக்கே ஓ.டி.பி. கேட்பார்கள். இந்திய சிம்மில் ரோமிங் இல்லாவிட்டால் அந்த ஓ.டி.பி. வராது.

சரி, ரோமிங்கை எப்படிப் போடுவது? ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். உங்கள் சிம் கம்பெனியின் ஆப்பில் சர்வதேச ரோமிங் என்ற பகுதி இருக்கும். அதில் மலேசியாவைத் தேர்ந்தெடுத்து, பாக்கை வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மட்டும் படித்துப் பாருங்கள்: அந்த ஒரு நாள் எப்போது தொடங்குகிறது? வாங்கிய நேரத்திலிருந்தா, அங்கே போய் முதலில் பயன்படுத்தும்போதா? வாங்கிய நேரத்திலிருந்து என்றால் கிளம்பும் அன்று வாங்குங்கள். பாக் வாங்கியதோடு, உங்கள் நம்பருக்கு சர்வதேச ரோமிங் திறந்திருக்கிறதா என்பதையும் கஸ்டமர் கேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டும் ஒன்றென்று நினைத்துப் போய் இறங்கி, போனில் ‘நோ சர்வீஸ்’ என்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நிறைய.

விமானம் தரையைத் தொட்டதும் ஃப்ளைட் மோடை எடுங்கள். ஓரிரு நிமிடத்தில் மேலே ஏதாவது மலேசிய கம்பெனியின் பெயர் வரும், கூடவே உங்கள் கம்பெனியின் எஸ்.எம்.எஸ். ஒன்றும் வரும். பெயர் வந்தும் நெட் ஓடவில்லையா? பதறாமல் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய், ‘டேட்டா ரோமிங்’ என்ற பொத்தானைப் பாருங்கள். பாக் இருந்தாலும் இது அணைந்திருந்தால் நெட் வராது. அப்படியும் வராவிட்டால் ஃப்ளைட் மோடைப் போட்டு எடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் நெட்வொர்க் தேர்வில் ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை நீக்கி, பட்டியலில் வரும் வேறொரு கம்பெனியைத் தட்டிப் பாருங்கள். உங்கள் பாக் எல்லா மலேசிய நெட்வொர்க்கிலும் செல்லும் என்று கிடையாது. எதில் செல்லும் என்பது பாக் விவரத்திலேயே இருக்கும்.

மறுநாள் மலேசிய சிம் வாங்கும்போது இந்திய சிம்மைத் தூக்கி எறிகிற மாதிரி கழற்றிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் போனில் இரண்டு சிம் இடம் இருந்தால் இந்திய சிம் அப்படியே இருக்கட்டும், இரண்டாவது இடத்தில் புதியதைப் போடுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் அந்த இரண்டாவது இடத்தில்தான் மெமரி கார்டும் உட்காரும். அப்படியானால் படங்களை முன்னதாகவே போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போட்டபின், நெட்டுக்கு மலேசிய சிம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், பாக் தீர்ந்தபின் எம்.பி. கணக்கில் காசு போகும். ஓ.டி.பி. வருவதற்கு நெட் தேவையில்லை. ரோமிங் திறந்திருந்தால் போதும்; உள்ளே வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை. அழைப்பு அப்படியில்லை. ஊரிலிருந்து அந்த நம்பருக்கு யாராவது கூப்பிட்டு நீங்கள் எடுத்தால் உங்களுக்கும் காசு. சொந்தக்காரர்களிடம் வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடச் சொல்லிவிடுங்கள்.

புது சிம் போட்டதும் வாட்ஸ்அப், “நம்பரை மாற்றிவிட்டீர்களா?” என்று கேட்கக்கூடும். மாற்றவில்லை என்றே சொல்லுங்கள். பழைய இந்திய நம்பரிலேயே வாட்ஸ்அப் மலேசிய நெட்டில் ஓடும். அவசரத்தில் ஆமாம் என்று தட்டிவிட்டு, ஊர் திரும்பியபின் சிரமப்படுபவர்கள் உண்டு.

இ-சிம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது கார்டு இல்லாத சிம். போனுக்குள்ளேயே இருக்கும் சில்லில் கியூ.ஆர். கோடு வழியாக இறக்கிக்கொள்வது. எல்லா போனும் இதை ஏற்காது. டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அடித்துப் பாருங்கள். வரும் எண்களில் ‘இ.ஐ.டி.’ (EID) என்று ஒன்று இருந்தால் உங்கள் போன் ஏற்கும். ஏற்றால், இந்திய சிம்மைத் தொடாமலே மலேசிய நெட் கிடைக்கும் என்பதால், ஒரு வாரப் பயணம் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். இறக்குவதற்கே நெட் வேண்டுமே! கியூ.ஆர். கோடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வேலை செய்யும், அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்று நினைக்காதீர்கள். பயண இ-சிம்கள் பலவும் வேறொரு நாட்டுக் கம்பெனியின் இணைப்புதான், மலேசியாவில் அவை ரோமிங்காகத்தான் ஓடும். அதனால் இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் போட்டிருக்க வேண்டும், இந்திய சிம்முக்கு அணைத்திருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டுத்தான் பலர் இ-சிம்மைத் திட்டுகிறார்கள். யாரிடம் வாங்குகிறோம் என்றும் பாருங்கள். வெளிநாட்டு சிம்களை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அது இல்லை என்று 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை என்ற இ-சிம் விற்கும் ஆப்களை ஆப்பிளும் கூகுளும் இந்திய ஸ்டோர்களிலிருந்து நீக்கின.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கொடுத்த ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே விற்கும் ஐபோன் 14-லிருந்து சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். கவுண்டரில் கார்டு சிம்மை நீட்டினால் போட இடம் இருக்காது. அதற்கு முந்தைய போன் என்றாலும், அமெரிக்கக் கம்பெனியின் பூட்டு இன்னும் இருந்தால் மலேசிய சிம் ஓடாது.

கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை சில. மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், இருவருக்கும் தனித்தனியாக ஆன்லைனில் நிரப்ப வேண்டும். 2024 ஜனவரி முதல் இது கட்டாயம், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். கிராப் ஆப்பையும் இங்கேயே இறக்கி, இந்திய நம்பரில் ஓ.டி.பி. வாங்கிப் பதிந்து வையுங்கள். கார்டு சேர்க்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, ரொக்கமாகவும் கொடுக்கலாம். அதற்கு ரிங்கிட் கையில் இருக்க வேண்டும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை பேங்க் ஆப்பில் திறந்துவிடுங்கள்.

மகளின் முகவரியையும், 60 என்ற நாட்டு எண்ணோடு அவள் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் முழுசாகக் கைவிட்டாலும், வருகைக் கூடத்தில் டாக்சி கவுண்டர் இருக்கிறது. தாளை நீட்டிப் பணம் கட்டினால் சீட்டு கொடுப்பார்கள், கிராப்பைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

திருச்சியில் வந்து இறங்கும்போது சிக்னலே இல்லை என்றால் பயப்படாதீர்கள். அங்கே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். மறுபடி ‘ஆட்டோமேட்டிக்’கில் போட்டால் வந்துவிடும்.