விசுவாசப் பிரமாணம் சொல்ல வாய் வரவில்லை

வணக்கம் மேடம்,

எனக்கு 42 வயது. பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், அரசுப் பள்ளியில் ஆசிரியை. தாத்தா உபதேசியார். அப்பா பல வருஷம் சேகரக் கமிட்டியில் இருந்தவர். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) முந்தின ராத்திரி பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது என்று வளர்ந்தவள் நான்.

கொஞ்ச வருஷமாக ஆராதனையில் மனம் ஒட்டவில்லை. யாரோடும் சண்டை இல்லை. (சபைத் தேர்தல் சண்டை எல்லா ஊரிலும் உள்ளதுதான், அதை விடுங்கள்.) நம்மவர்களுக்கு மட்டும்தான் மீட்பு என்று பிரசங்கத்தில் கேட்கும்போது என் வகுப்புப் பிள்ளைகளின் முகம் கண்முன் வருகிறது. விசுவாசப் பிரமாணம், அதாவது சபையின் நம்பிக்கை அறிக்கை, சொல்ல எல்லோரும் எழுந்து நிற்கும்போது நானும் நிற்கிறேன், வாய் அசைவதில்லை. ஒரு ஞாயிறு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் நான் நாத்திகம் பேசுகிறவள் இல்லை. விடிவதற்கு முன் மொட்டைமாடியில் பாய் விரித்துச் சும்மா உட்காருவேன். எதையும் கேட்பதில்லை. ஜெப வார்த்தைகளும் வருவதில்லை. நம்மைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது, அதற்கு என்னைத் தெரியும் என்ற நிச்சயம் மட்டும் வருகிறது. சின்ன வயதில் அப்பா முழங்கால்படியிட்டு ஜெபிக்கும்போது பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. இதற்கு என்ன பெயர்?

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. "அப்பா இருந்தா இப்படிச் செய்வியா? பிசாசு உன்னை இழுக்குது" என்று அழுகிறார்கள். "நாளைக்குக் கல்லறைத் தோட்டத்துல அப்பா பக்கத்துல உனக்கு இடம் குடுப்பாங்களா?" என்றும் கேட்டார்கள். அது என்னை உலுக்கிவிட்டது. கணவரோ, உனக்குச் சரி என்று பட்டதைச் செய் என்று ஒதுங்கிக்கொள்கிறார். இப்போது பத்தாம் வகுப்பு முடித்த மகனைத் திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராகும் சடங்கு) வகுப்புக்கு அனுப்பச் சொல்லி ஐயர், எங்கள் சபைப் போதகர், வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கே நம்பிக்கையில்லாத ஒன்றில் அவனைச் சேர்ப்பதா? எனக்கு மனதில் ஏதாவது கோளாறா, மேடம்?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கோளாறு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்வகைக் கையேட்டில், 1994-ஆம் ஆண்டுப் பதிப்பில், 'சமய அல்லது ஆன்மிகப் பிரச்சினை' என்று தனியாக ஒரு வகை சேர்த்தார்கள். நம்பிக்கை ஆட்டம் காண்பது நோய் ஆகாது, ஆனால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் என்பதுதான் அதன் பொருள். தூக்கம், பசி, பிடித்த வேலையில் இருந்த ஆசை எல்லாம் சேர்ந்து போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

ஜூலி எக்ஸ்லைன் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2014-ல் ஆன்மிகப் போராட்டங்களை அளக்க 26 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். ஆறு வகை: கடவுளோடு மனத்தாங்கல், தீய சக்தி பற்றிய பயம், மதம் சார்ந்த மனிதர்களோடு உரசல், ஒழுக்கம் பற்றிய குற்றவுணர்வு, சந்தேகம், வாழ்க்கைக்கே அர்த்தமில்லை என்ற வெறுமை. உங்கள் கடிதத்தை இதில் வைத்துப் பார்த்தேன். கடவுளோடு உங்களுக்குச் சண்டையே இல்லை. வெறுமையும் இல்லை. பிசாசு பயம் உங்களுக்கு இல்லை, அம்மாவுக்கு இருக்கிறது. போதனையில் சந்தேகம் உண்டு, ஆனால் உங்களை வதைப்பது அது இல்லை. அம்மாவின் அழுகைதான்.

அதனால் அம்மாவிடம் வேத வசனத்தை வைத்து வாதாடாதீர்கள். ஜெயித்தாலும் நஷ்டம்தான். கல்லறைத் தோட்டத்தைப் பற்றி அவர்கள் கேட்டதை மறுபடி படித்துப் பாருங்கள். கணவரைப் புதைத்த ஒரு பெண், செத்த பிறகாவது நாம எல்லாரும் ஒண்ணா இருப்போமா என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லுங்கள். "எம்மா, நான் ஆண்டவரை விடல. அந்தப் பிரமாணத்தைச் சொல்லத்தான் வாய் வரல. கோயிலுக்கு உங்ககூட வருவேன்." இவ்வளவு போதும். சபைக்கு உறுப்பினர் கட்டும் சங்கக் காணிக்கையைக் கட்டிக்கொண்டே இருங்கள், பெயர் சபைப் பட்டியலில் இருக்கட்டும். அசனத்துக்கும் போங்கள். இது நடிப்பு இல்லையா என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால், இல்லை. நம்பாததை வாயால் சொல்வதுதான் நடிப்பு. அதை நீங்கள் செய்யவில்லையே. தாத்தா காலத்திலிருந்து பழகிய மனிதர்களோடு ஒரே பந்தியில் உட்கார எந்தப் பிரமாணமும் தேவையில்லை.

மாடியில் நடப்பதற்குப் பெயர் வைக்க ஏன் இந்த அவசரம்? பாதிரியாரும் பிரமாணமும் இல்லாமல் மௌனமாக உட்கார்ந்திருப்பதையே ஆராதனையாக வைத்துக்கொண்ட குவேக்கர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் தோன்றிவிட்டார்கள். அவர்களும் கிறிஸ்தவ மரபிலிருந்து வந்தவர்கள்தான். உங்கள் வட்டாரத்திலும் ஒருவர் உண்டு. நாசரேத் பக்கத்து சட்டாம்பிள்ளை, மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியேறி, 1857-ல் ஏக இரட்சகர் சபையைத் தொடங்கினார். அவர் தனிச் சபை கண்டார். நீங்கள் சபையும் காண வேண்டாம், பலகையும் மாட்ட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சபையில் இருக்கும்போது நாம் தவறினால் கேட்க யாராவது இருப்பார்கள், சில நேரம் தேவைக்கு அதிகமாகவே. தனி நம்பிக்கையில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. நமக்கு வசதியானதையெல்லாம் கடவுளின் குரல் என்று எடுத்துக்கொள்வது ரொம்பச் சுலபம். நம்பகமான ஒரு தோழியிடம் அவ்வப்போது இதைப் பேசுங்கள், அவர் உங்களை மறுத்துப் பேசக்கூடியவராக இருந்தால் இன்னும் நல்லது. மாடியிலிருந்து இறங்கி வந்ததும் வீட்டில் எரிந்து விழுகிறீர்களா, பொறுமை கூடியிருக்கிறதா என்று கணவரிடமும் கேளுங்கள். ஒதுங்கி நிற்கும் அவருக்கு அது ஒரு வேலையாகவும் இருக்கும்.

அப்புறம் உங்கள் மகன். ஞானஸ்நானத்தில் நீங்களும் ஞானப்பெற்றோரும் அவன் சார்பில் கொடுத்த வாக்கை அவனே ஏற்றுக்கொள்வதுதானே திடப்படுத்தல்? அப்படியென்றால் முடிவு உங்களுடையதும் இல்லை, அம்மாவுடையதும் இல்லை, ஐயருடையதும் இல்லை. இவ்வளவு பெரிய கடிதத்தில் அம்மா சொன்னது, கணவர் சொன்னது, ஐயர் கேட்டது எல்லாம் இருக்கிறது. அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரி இல்லை. உங்கள் சந்தேகத்தையெல்லாம் அவன்மேல் இறக்கி வைக்காமல், போக விருப்பமா என்று கேளுங்கள். போகிறேன் என்றால் மனதாரக் கொண்டுபோய் விடுங்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால் ஐயரிடம் நீங்களே போய் அதைச் சொல்லுங்கள், பாட்டியிடம் அவனைத் தனியாக மாட்டிவிடாதீர்கள்.