வாடகை பாக்கி, கையில் நோட்டீஸ்: கேள்வி பதில்

சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். வாடகை பாக்கியால் வீடு போய்விடுமோ என்ற பயத்தில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டு நகரப் பகுதிகளுக்கு இப்போது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம்தான். 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஐயா, வேலை போய்விட்டது. மூன்று மாத வாடகை பாக்கி. வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. தெருவுக்கு வந்துவிடுவோமா?

இல்லைங்க. நோட்டீஸ் வேறு, காலி செய்யச் சொல்லும் உத்தரவு வேறு. உத்தரவு போட வாடகை நீதிமன்றத்துக்கு மட்டும்தான் அதிகாரம். இரண்டு மாத வாடகை நின்றால் வீட்டுக்காரர் எழுத்தில் கேட்கலாம். அந்த நோட்டீஸ் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் வட்டியோடு கட்டிவிட்டால், அந்தக் காரணத்தைச் சொல்லி உங்களை வெளியேற்ற முடியாது. கவரின் மேலேயே வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். ஒரு முறை இப்படித் தப்பித்தபின் அடுத்த ஓராண்டுக்குள் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் நிறுத்தினால் இந்தச் சலுகை கிடையாது.

அண்ணா, தபால்காரரிடம் வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். தப்பா?

தப்புதான் தம்பி. வேண்டுமென்றே மறுத்தால் கொடுத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். சென்ற வருடம் ஒரு அம்மா பதிவுத் தபால் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்தார். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததில் ஓரத்தில் எண்ணெய்க் கறை. பிரித்துத் தேதியைப் பார்த்தேன். கெடு முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பணம் அவரிடம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தயவுசெய்து வாங்குங்கள், அன்றைக்கே பிரித்துப் படியுங்கள்.

வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார், பூட்டுப் போடுவேன் என்கிறார்.

பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த அவருக்கு உரிமையில்லை. வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி வாடகைப் பிரச்சினைகளைப் பார்க்கும் அரசு அலுவலர்) மனு கொடுங்கள். இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. பூட்டிவிட்டாலோ சாமான்களை வெளியே எடுத்துப் போட்டாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். போனில் படமும் வீடியோவும் எடுத்து வைப்பது ரொம்ப உதவும்.

முழுப் பணம் இல்லை. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

கேட்கலாம். அவர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் நல்லது. நீங்களாகவே கழித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள், அது பாக்கியாகவே நிற்கும். கையில் உள்ளதை வங்கி வழியாக அனுப்பி, மீதிக்குத் தவணை கேட்டுக் கடிதம் எழுதுங்கள். பாதிப் பணம் சட்டப் பாதுகாப்புத் தராது, ஆனால் சமரசப் பேச்சில் உங்கள் நேர்மைக்குச் சாட்சியாக நிற்கும்.

கொடுத்தாலும் வாங்க மறுக்கிறாரே?

மணியார்டரிலோ வங்கி வழியாகவோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்புங்கள். அப்போதும் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். ஒவ்வொரு ரசீதும் பத்திரம்.

எழுத்து ஒப்பந்தமே இல்லை ஐயா.

அதற்காக உங்களைத் தள்ளிவிட முடியாது, நீதிமன்றம் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் ஒப்பந்தம் போடாததே வெளியேற்றக் கேட்க ஒரு காரணம் ஆகிறது இந்தச் சட்டத்தில். சுமுகமாக இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை. எங்கே போவது?

இலவச சட்ட உதவி எண் 15100க்கு அழையுங்கள். இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ, தாலுகாவில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கோ நேரில் போங்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமில்லாமல் தவணை பேசி முடிக்கலாம். போகும்போது நோட்டீஸ், அது வந்த கவர், வாடகை கட்டிய வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சம்மன் வந்துவிட்டதென்றால் நாளைக்கென்று தள்ளாமல் இன்றே போங்கள்.