விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? பார்வை இழந்த ஓட்டுநரின் கேள்வி

கேள்வி: நான் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 17 வருடமாக ஓட்டுநர். வயது 45. சர்க்கரை நோயால் வலது கண்ணின் விழித்திரை பாதித்து, ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. இடது கண் நன்றாகத் தெரிகிறது. மருத்துவக் குழு ‘ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை’ என்று எழுதிவிட்டது. ஊனச் சான்றிதழில் 30 சதவீதம் போட்டிருக்கிறார்கள். ஐந்து மாதமாக டூட்டி இல்லை. லீவெல்லாம் தீர்ந்து இப்போது சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறேன். வேறு வேலை கேட்டால், “40 சதவீதம் இருந்தால்தான் சட்டம் பொருந்தும். மருத்துவக் காரணம் சொல்லி விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்க, பையனுக்கு வாரிசு வேலை பார்க்கலாம். இல்லையென்றால் ஹெல்பர் வேலை, ஹெல்பர் சம்பளம்தான்” என்கிறார் மேலாளர். பணிமனையில் ஒரு மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் என் கண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். விருப்ப ஓய்வுக் கடிதத்தை டைப் செய்து தயாராக வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

— ஓர் ஓட்டுநர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, போடாதீர்கள். இந்தப் பதிலில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்க வேண்டாம். உங்களை வேலையை விட்டு அனுப்பும் அதிகாரம் சட்டப்படி அவர்களுக்கு இல்லை. அதனால்தான் நீங்களே எழுதிக் கொடுத்துப் போக வேண்டும் என்கிறார்கள். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால், ‘அவராக விரும்பித்தான் போனார்’ என்று நீதிமன்றத்தில் சொல்லிவிடுவார்கள். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் ஒருவேளை போட்டிருந்தால், கழகம் அதை ஏற்று ஓய்வு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ‘திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுத்தில் கொடுங்கள். அதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

உங்களைக் காப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 20(4) பிரிவை நீங்கள் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். பணியில் இருக்கும்போது ஒருவருக்கு உடல் குறைபாடு ஏற்பட்டால், அரசு நிறுவனம் அவரைப் பணியிலிருந்து நீக்கக் கூடாது, பதவியில் இறக்கவும் கூடாது. செய்துவந்த வேலையை அவரால் செய்ய முடியாவிட்டால் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அங்கேயும் பழைய சம்பள விகிதம், பழைய பணிப் பலன்கள் அப்படியே தொடர வேண்டும். அப்படி ஓர் இடம் காலியாக இல்லையென்றால், அவருக்காகவே கூடுதலாக ஒரு பணியிடத்தை உருவாக்கி, பொருத்தமான இடம் வரும் வரையோ ஓய்வு வயது வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை, அதில் வைத்திருக்க வேண்டும். ‘இடமில்லை’ என்ற பதிலுக்கு இந்தப் பிரிவில் இடமே கிடையாது. போக்குவரத்துக் கழகங்கள் அரசுக்குச் சொந்தமான கம்பெனிகள் என்பதால், இந்தச் சட்டம் சொல்லும் ‘அரசு நிறுவனம்’ என்பதற்குள் அவை வந்துவிடுகின்றன. குறைபாடு வேலை பார்க்கும்போதுதான் வந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. சர்க்கரை நோயால் வந்தாலும் சரி, வீட்டில் விழுந்து வந்தாலும் சரி, நீங்கள் பணியில் இருந்த காலத்தில் வந்தது என்பது போதும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்ததை நான் பாகுபாடு என்று சொல்ல மாட்டேன். ஐம்பது, அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. மருத்துவக் குழு சொன்னதை எதிர்த்து மறுபடி பேருந்து ஓட்டத்தான் வேண்டும் என்று வழக்குப் போட்டால், காலமும் காசும்தான் வீணாகும். ஓட்டுநர் இருக்கைக்கு உங்களுக்கு உரிமை இல்லாமல் போகலாம். ஆனால் வேலைக்கும் சம்பளத்துக்கும் உரிமை உண்டு. அலுவலர்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பும்போது நீங்களும் குழம்பிவிடாதீர்கள்.

அடுத்து அந்த 40 சதவீதம். இதைச் சொல்லியே எத்தனையோ தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். வேலைவாய்ப்பில் 4 சதவீத இட ஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்குத்தான் சட்டம் 40 சதவீதம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. 20(4) பிரிவில் அந்த வரம்பு இல்லை. ‘குறைபாடு ஏற்பட்ட ஊழியர்’ என்று மட்டுமே இருக்கிறது. 2021-ல் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் மத்தியத் தேர்வாணையத் தேர்வில், தான் சொல்வதை எழுதித் தர ஓர் உதவியாளரைக் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் அந்த வரம்பைச் சொல்லாத இடத்தில் அதிகாரிகள் தாங்களாகக் கொண்டுவந்து சேர்க்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு கண்ணில் முழுவதும் பார்வை போய், மறு கண் நன்றாக இருந்தால், மத்திய அரசின் மதிப்பீட்டு அட்டவணைப்படி 30 சதவீதம்தான் வரும். உங்கள் சான்றிதழ் சரியாகத்தான் இருக்கிறது. அதைக் கூட்டி வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இன்னும் இரண்டு தீர்ப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 2003-ல் குணால் சிங் வழக்கு. மத்திய அரசின் எஸ்.எஸ்.பி. படையில் கான்ஸ்டபிளாக இருந்து, காயத்தால் இடது காலை இழந்து, ‘தகுதியற்றவர்’ என்று வெளியே அனுப்பப்பட்டவர் அவர். பழைய 1995 சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்ததால் உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மற்றது 2025 ஆகஸ்டில் வந்தது. நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியாததால் ஓய்வில் அனுப்பப்பட்ட தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு மாற்று வேலை தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கு பெரும்பாலும் அங்கிருந்த பழைய தொழிற்சங்க ஒப்பந்தத்தை வைத்து நின்றது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மாற்று வேலை இருக்கிறதா என்று உண்மையாகத் தேடிப் பார்ப்பது நிர்வாகத்தின் கடமை, தேடாமலே இல்லை என்று சொல்லக் கூடாது என்பது உங்களுக்கும் பொருந்தும். ஒன்றைக் கவனியுங்கள்: வேலை போன காலத்துக்கு அவருக்குக் கிடைத்தது நிலுவைச் சம்பளத்தில் 25 சதவீதம்தான். வழக்கு நீள நீள இழப்பு நம் பக்கம்தான் கூடும். அதனால்தான் இப்போதே எழுதுங்கள் என்கிறேன்.

வாரிசு வேலை ஆசை காட்டுவதைப் பற்றி. பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும் என்றால் எந்தத் தகப்பனுக்கும் மனசு இளகும், புரிகிறது. ஆனால் கருணை அடிப்படையிலான வேலை யாருக்கும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. விதி, காலியிடம், வரிசை எல்லாம் பார்த்துத்தான் தருவார்கள். தராமலும் போகலாம். மேலாளர் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, உங்கள் கையெழுத்துக்கு மட்டும் சாட்சி இருக்கும். இன்னும் 15 வருடம்போல சம்பளம் வரவேண்டிய வேலையை இந்த வாய்ச்சொல்லுக்காக விடுவது சரியில்லை என்பது என் திடமான கருத்து.

சரி, என்ன எழுதுவது? கழகத்தின் மேலாண் இயக்குநருக்கு ஒரே பக்கத்தில், கோபம் இல்லாமல், இப்படி எழுதுங்கள்: “நான் இன்ன தேதியிலிருந்து ஓட்டுநராகப் பணிபுரிகிறேன். பணிக்காலத்தில் வலது கண் பார்வையை இழந்தேன். இன்ன தேதியில் மருத்துவக் குழு என்னை ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர் என அறிவித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4)-ன்படி, ஓட்டுநருக்குரிய ஊதிய விகிதத்துடன் எனக்கு மாற்றுப் பணி வழங்கவும், அறிவிக்கப்பட்ட நாள் முதல் இன்று வரையிலான காலத்தைப் பணிக்காலமாகக் கருதி ஊதியம் வழங்கவும், கழித்த விடுப்பைத் திரும்பக் கணக்கில் சேர்க்கவும் வேண்டுகிறேன். நான் விருப்ப ஓய்வு கோரவில்லை.” அந்தக் கடைசி வரி முக்கியம். என்ன வேலை பார்க்க முடியும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: டைம் கீப்பர், முன்பதிவு கவுன்டர், ஸ்டோர், அலுவலக உதவியாளர், காவல் பணி. மருத்துவக் குழு அறிக்கை, ஊனச் சான்றிதழ் நகல்களை இணையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஹெல்பர் வேலைக்கு ஆணை கொடுத்துவிட்டால் வேலையை மறுக்காதீர்கள். ‘வேலைக்கு வரவில்லை’ என்ற குற்றச்சாட்டு புதிதாக முளைக்கும். போய்ச் சேருங்கள். சேரும் கடிதத்திலேயே, ‘ஓட்டுநர் ஊதியத்துக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பணியில் சேர்கிறேன்’ என்று எழுதிவிடுங்கள். வேலை எதுவாகவும் இருக்கலாம், சம்பள விகிதம் குறையக் கூடாது.

அதே வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை ஓட்டுநர், நடத்துநர் மருத்துவத் தகுதி இழந்தார்கள், அவர்களில் யாருக்கு என்ன மாற்றுப் பணி கொடுத்தீர்கள், இப்போது எந்தெந்தப் பணியிடம் காலி என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்களைப் போன்ற ஒருவருக்கு ஏற்கெனவே மாற்று வேலை கொடுத்திருந்தால், அந்தத் தாளே உங்கள் வழக்கில் பாதி வேலையைச் செய்துவிடும்.

அரசு நிறுவனம் ஒவ்வொன்றிலும் மாற்றுத்திறனாளிகள் குறைகளைக் கேட்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்கிறது 23-ஆம் பிரிவு. மனுவின் ஒரு நகலை அவருக்கும் கொடுங்கள். பலன் இல்லையென்றால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தருவது பரிந்துரைதான் என்றாலும், அதன்மீது எடுத்த நடவடிக்கையைக் கழகம் மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அப்புறமும் அசையவில்லை என்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு.

மேற்பார்வையாளர் விஷயம் சின்னதல்ல. பலர் பார்க்க ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்துவது 92-ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. என்ன தேதி, என்ன வார்த்தை, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முதலில் மேலாண் இயக்குநருக்குத் தனியாக ஒரு புகார் கொடுங்கள். வேலைக்கான மனுவில் இதைக் கலக்க வேண்டாம். கலந்தால் ‘தனிப்பட்ட விரோதம்’ என்று மொத்தத்தையும் ஒதுக்கப் பார்ப்பார்கள். பேச்சு நிற்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 20(4) அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டும் என்பது என் ஆசை. ஆனாலும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமை தனியாருக்கும் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், அதில் என்னென்ன வசதிகள் சொல்லப்பட வேண்டும் என்று மத்திய விதிகள் விரிவாகவே சொல்கின்றன. ஊழியருக்காகச் செய்துதரும் வசதியின் செலவை அவர் தலையில் கட்டக் கூடாது என்றும் அந்த விதிகளில் இருக்கிறது.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஊனச் சான்றிதழைக் காட்டி விண்ணப்பம் கொடுங்கள். போகும்போது நியமன ஆணை, மருத்துவக் குழு அறிக்கை, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, விடுப்புக் கணக்கு நான்கையும் எடுத்துச் செல்லுங்கள்.